வெல்டிங் புகையும் கண்ணுக்குத் தெரியாத துகளும்: பட்டறைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேட் செய்யும் சின்னப் பட்டறை முதல் பாய்லர் பாகங்கள் செய்யும் பெரிய ஷெட் வரை, வெல்டிங் நடக்கும் இடங்களில் பாதுகாப்பு என்றால் கண்ணும் கரண்ட் ஷாக்கும்தான் பேச்சு. மூச்சைப் பற்றிய பேச்சு 'மாஸ்க் போட்டுக்கப்பா' என்பதோடு முடிந்துவிடும். தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் வெல்டர்களும் பட்டறை முதலாளிகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மாஸ்க் பற்றிய கேள்வி பாதிக்குமேல் தாண்டித்தான் வரும். அதற்குரிய இடம் அதுதான்.

வெல்டிங் புகையும் விறகுப் புகை மாதிரிதானே?

இல்லை. விறகுப் புகை பெரும்பாலும் அரைகுறையாக எரிந்த கரி. வெல்டிங் புகை உலோகம். ஆர்க் என்பது ராடுக்கும் (உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி) இரும்புக்கும் இடையே பாயும் மின்பொறி. அதன் சூடு 6,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு கொதிப்பதற்குச் சுமார் 2,860 டிகிரி போதும். அதனால் ராடு நுனியில் உலோகம் உருகுவதோடு நிற்பதில்லை. கொஞ்சம் கொதித்து ஆவியாகவும் போகிறது. ஆர்க்கை விட்டுச் சற்றுத் தள்ளி வந்ததும் அந்த ஆவி குளிர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, நுண்ணிய ஆக்சைடு மணிகளாக உறைந்துவிடும். அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரம் சரமாகச் சேரும். கண்மைக்காக விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களே, அதுவும் இப்படித்தான் உருவாகிறது. கரிக்குப் பதில் இங்கே இரும்பு, மாங்கனீசு, சில வேலைகளில் குரோமியம், நிக்கல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புகையில் ஏறக்குறைய 90 சதவீதம் ராடிலிருந்தோ கம்பிச் சுருளிலிருந்தோதான் வருகிறது, ஒட்டப்படும் இரும்பிலிருந்து அல்ல. எனவே 'என்ன இரும்பு' என்று கேட்பதைவிட 'என்ன ராடு' என்று கேட்டால்தான் புகையில் இருப்பது என்ன என்று தெரியும். இதில் விதிவிலக்கு துத்தநாகப் பூச்சும் பெயின்ட்டும் உள்ள இரும்பு. துத்தநாகப் பூச்சைப் பிறகு பார்ப்போம்.

அல்ட்ராஃபைன் துகள் என்கிறார்களே, எவ்வளவு சிறியது?

100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவற்றை அப்படிச் சொல்கிறார்கள். 1,000 நானோமீட்டர் சேர்ந்தால் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வெல்டிங் ஆவி உறைந்து பிறக்கும் முதல் மணிகள் பெரும்பாலும் 5 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரே பொருளில் 10 மைக்ரான் அளவுள்ள ஒரு தூசியின் எடைக்கு ஈடுசெய்ய, 10 நானோமீட்டர் துகள்கள் 100 கோடி வேண்டும். எடை அதேதான், ஆனால் மொத்த மேற்பரப்பு 1,000 மடங்கு. உடலின் திரவங்களோடும் செல்களோடும் உரசுவது மேற்பரப்புதான் என்பதால், எடைத் தராசு 'ஒன்றுமில்லை' என்று சொல்லும் இடத்திலும் நுரையீரலுக்கு நிறைய வேலை இருக்கலாம்.

வெல்டிங் புகையை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை அல்ட்ராஃபைன். எடை போட்டுப் பார்த்தாலோ பெரும்பங்கு 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள சரங்களுடையது. கண்ணுக்குத் தெரியும் நீலச் சாம்பல் புகை இந்தச் சரங்கள்தான். தனித்தனி மணிகள் கண்ணில் படாது.

உள்ளே போனால் இருமித் துப்பிவிட முடியாதா?

கிரைண்டிங் தூசியைத் துப்பலாம். வேலை முடிந்து மூக்கைச் சிந்தும்போது கறுப்பாக வருகிறதே, அது மூக்கே பிடித்து வைத்த பெரிய துகள். 'எல்லாம் வெளியே வந்துவிட்டது' என்று அதைப் பார்த்து ஆறுதல் அடைகிறோம். 20 நானோமீட்டர் அளவிலான துகள்களில் ஏறக்குறைய பாதி நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்ப் படியும் என்கின்றன மூச்சுப்பாதைக் கணக்குகள். அங்கே சளியும் கிடையாது, துகளை மேலே தள்ளும் நுண்மயிர்களும் கிடையாது. அங்கிருக்கும் துப்புரவுச் செல்கள் பெரிய துகளை விழுங்கும் அளவுக்கு இவ்வளவு சின்னதைச் சரியாகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் அங்கேயே அழற்சியை உண்டாக்கும், கொஞ்சம் ரத்தத்துக்குள்ளும் கசியும். மாங்கனீசுக்கு இன்னொரு குறுக்குவழியும் இருப்பதாக எலிகளில் கண்டிருக்கிறார்கள்: மூக்கின் மணம் அறியும் நரம்பு வழியாக நேரே மூளைக்கு.

ராடு வெல்டிங், சி.ஓ.டூ., ஆர்கான்: எதில் புகை குறைவு?

புகையின் எடையைப் பார்த்தால் ஃப்ளக்ஸ் (உருகிய உலோகத்தைக் காக்கும் பொடி) நிரப்பிய கம்பிதான் முதலிடம். அடுத்து ராடு, அதற்கடுத்து கரியமில வாயுவைக் கவசமாக ஊதியபடி சாதாரண கம்பியில் செய்யும் சி.ஓ.டூ. ஆர்கான் வாயுவைக் கவசமாக வைத்து டங்ஸ்டன் ஊசியால் செய்யும் ஆர்கான் வெல்டிங்கில் மிகக் குறைவு. ஆர்க்கே பொடிக்குள் புதைந்து கிடக்கும் சப்மெர்ஜ்டு ஆர்க்கில் அதைவிடவும் குறைவு. ராடு வெல்டிங்கில் ஆம்பியரைத் தேவைக்கு மேல் ஏற்றினால் புகையும் ஏறும். 'ஸ்பீடா ஓடட்டும்' என்று ஏற்றி வைக்கும் பழக்கத்துக்குக் கம்பியில் மட்டுமல்ல, மூச்சிலும் விலை உண்டு.

அப்படியென்றால் ஆர்கான் வெல்டிங் பாதுகாப்பானது, இல்லையா?

கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதற்காக அப்படிச் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எடை குறைவு, உண்மை. ஆனால் ஆர்கான் வெல்டிங்கில் வரும் துகள்கள் மிகச் சிறியவை. எண்ணிக்கையில் மற்றவற்றோடு போட்டி போடக்கூடியவை. புகை தெரியாததால் வெல்டர் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோகிறார். டார்ச்சுக்கும் மூக்குக்கும் ஒரு சாண்கூட இருப்பதில்லை.

அப்புறம் ஓசோன். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாக்கி ஓசோனை உண்டாக்கும். புகை அடர்த்தியாக இருந்தால் அது கதிரை மறைக்கும், உண்டான ஓசோனையும் சிதைக்கும். ஆர்கானில் அந்தத் திரை இல்லை. அலுமினியத்தில் வேலை செய்துவிட்டுத் தொண்டை கரகரக்கிறது, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் முதலில் ஓசோனைத்தான் சந்தேகிக்க வேண்டும். துகளுக்கான மாஸ்க் அதைத் தடுக்காது.

சிவப்பு முனை டங்ஸ்டன் ஊசியில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கப் பொருள். ஊசி சீவும்போது பறக்கும் தூள்தான் பிரச்சினை. லாந்தனம் கலந்த ஊசி கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

எஸ்.எஸ். வேலைக்குத் தனியாக ஏன் பயமுறுத்துகிறார்கள்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் உண்டு. ஆர்க்கில் அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. இதில் ராடு வெல்டிங்தான் மோசம். ராடின் மேல்பூச்சில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் குரோமியத்தை அந்த வடிவத்திலேயே நிலைக்கச் செய்துவிடும். அதே எஸ்.எஸ்.ஸைக் கம்பியில் செய்தால் குறைவு, ஆர்கானில் செய்தால் இன்னும் குறைவு. ஆகவே எஸ்.எஸ். கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி, ஓட்டல் அடுப்படிச் சாமான் என்று தினமும் ராடில் ஒட்டுகிறவர் வேலைமுறையை மாற்றினாலே பெரிய வித்தியாசம் வரும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2006இல் இந்தக் குரோமியத்துக்குக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. நம் நாட்டில் பொதுவான வெல்டிங் புகைக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த 5 மில்லிகிராமில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஜி.ஐ. பைப் வேலை செய்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது. மலேரியாவா?

டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். ஆனால் இது பெரும்பாலும் உலோகப் புகைக் காய்ச்சல். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகு உருகுவதற்கே 1,400, 1,500 டிகிரி வேண்டும். அதனால் இரும்பு உருகத் தொடங்குவதற்கு முன்பே பூச்சிலுள்ள துத்தநாகம் ஆவியாகி, வெள்ளைப் புகையாகி, பஞ்சு மாதிரி சுற்றிலும் பறக்கிறது. அதை மூச்சில் இழுத்த 4 முதல் 10 மணி நேரத்துக்குள் நாக்கில் உலோகச் சுவை, தாகம், உடம்புவலி, பல் கிட்டும் குளிர், காய்ச்சல், வியர்வை என்று வரிசையாக வரும். ஓரிரு நாளில் தானாக அடங்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தினமும் செய்துகொண்டிருந்தால் உடம்பு பழகிக்கொண்டு காய்ச்சலை நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் அந்தப் பழக்கம் போய்த் திங்கள் இரவு மறுபடி வரும். 'எனக்கு இப்போதெல்லாம் வருவதில்லை, பழகிவிட்டது' என்பதற்கு இதுதான் பொருள். புகை உள்ளே போவது குறையவில்லை.

ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தேய்க்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளிப் பற்றவைப்புக் கம்பியிலும் பூச்சு பூசிய பழைய போல்ட்டுகளிலும் காட்மியம் இருக்கக்கூடும். அதன் புகையும் ஆரம்பத்தில் இதே காய்ச்சல் போலத்தான் காட்டும். பிறகு நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கும். காய்ச்சலோடு மூச்சுத்திணறல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பால், வாழைப்பழம், வெல்லம் சாப்பிட்டால் புகை வெளியேறிவிடும் என்கிறார்களே?

சாப்பாடு இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பாலால் புகை வெளியேறாது. வாழைப்பழமும் அப்படித்தான்.

வெல்லத்துக்கு மட்டும் ஒரு சின்னக் கதை இருக்கிறது. லக்னோவில் உள்ள தொழில் நச்சியல் ஆய்வு மையத்தார் 1990களில் எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் செலுத்திய நிலக்கரித் தூசி, மணல் தூசியின் பாதிப்பு குறைந்ததாக எழுதினார்கள். அது எலி, அது தூசி, வெல்டர் மூச்சில் இழுக்கும் உலோகப் புகை அல்ல. டீ இடைவேளையில் கடலைமிட்டாய் கொடுக்கும் முதலாளியைக் குறை சொல்லமாட்டேன். அதைப் பாதுகாப்பு ஏற்பாட்டுக் கணக்கில் எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

மாங்கனீசு எல்லா ராடிலும் இருக்கிறதா?

சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு) ராடிலும் கம்பியிலும் உண்டு. மாங்கனீசு சுமார் 2,060 டிகிரியிலேயே கொதிப்பதால் இரும்பைவிட எளிதில் ஆவியாகும். அதனால் ராடில் உள்ள விகிதத்தைவிடப் புகையில் அதன் விகிதம் கூடுதலாக இருக்கும். ஜே.சி.பி. வாளிப் பல், கிரஷர் தாடை ஆகியவற்றுக்கு மேல் பற்று போடும் ராடுகளில் இன்னும் அதிகம். வருடக்கணக்கில் நிறைய உள்ளே போனால் நடுக்கவாதம் போன்ற ஒரு நிலை வரும்: நடை மாறும், கை விறைக்கும், கையெழுத்து சிறுக்கும், முகத்தில் உணர்ச்சி குறையும். அதற்கு முன்பே எரிச்சல், தூக்கமின்மை, மறதி தென்படலாம். மேஸ்திரிக்குக் கோபம் அதிகமாகிவிட்டது என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். வீட்டில்தான் முதலில் கவனிப்பார்கள்.

அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு 2013இல் மூச்சில் ஆழச் செல்லும் மாங்கனீசுக்குக் கனமீட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்று மிக இறுக்கமான பரிந்துரை வைத்தது. மூடிய இடத்தில் ராடு ஓட்டினால் அதைத் தாண்டுவது ரொம்பச் சுலபம்.

வெல்டிங் புகையால் புற்றுநோய் வரும் என்பது உறுதியா?

உறுதி. பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் வெல்டிங் புகையை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்திருந்தது. 2017 மார்ச்சில் கூடி, புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகைக்கு மாற்றியது. எஸ்.எஸ். புகைக்கு மட்டுமான முடிவல்ல இது, எம்.எஸ். புகையும் சேர்ந்ததுதான். நுரையீரல் புற்றுநோய்க்குச் சான்று போதுமானது, சிறுநீரகப் புற்றுநோய்க்குச் சான்று குறைவு என்றார்கள். ஆர்க்கின் புற ஊதாக் கதிரும் அதே முதல் வகையில்தான் இருக்கிறது. அது கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற புற்றுநோயோடு தொடர்புடையது.

இதற்குப் பிறகு பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2019 பிப்ரவரியில் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: உள்ளே வெல்டிங் செய்தால் பொதுவான காற்றோட்டம் போதாது, எம்.எஸ். ஆனாலும் புகையை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். எவ்வளவு நேரம் செய்கிறீர்கள் என்பதற்கு விலக்கு இல்லை, அரைமணி நேர வேலைக்கும் அதேதான்.

நான் 20 வருஷமாகப் பார்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

இருக்கலாம். ஆனால் உங்களோடு சேர்ந்து தொழில் கற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் இதே வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதவர் ஆட்டோ ஓட்டப் போயிருப்பார், கடை வைத்திருப்பார். தாங்கியவர்கள்தான் பட்டறையில் மிஞ்சுகிறார்கள். அவர்களை மட்டும் பார்த்தால் தொழில் ஆரோக்கியமாகத்தான் தெரியும். தவிர, நுரையீரல் புற்றுநோய் வெளிப்படப் பத்து, இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். பீடி, சிகரெட் சேர்ந்தால் எது எதனால் என்று பிரிப்பதும் கடினம்.

பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறோம். போதாதா?

போதாது. அதிகம் பணம் வீணாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதியம் ஷெட்டின் கூரை ஓட்டையில் வெயில் கோடாக விழும்போது, ஒருவர் வெல்டிங் செய்வதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். புகை ஆர்க்கிலிருந்து நேராக மேலே எழும். சூடான காற்று அல்லவா. குனிந்து வேலை செய்பவரின் ஹெல்மெட் அந்தத் தூணுக்கு நடுவில் இருக்கும். புகை தாடைக்குக் கீழே நுழைந்து, கண்ணாடிக்கு உள்பக்கம் ஏறி, நெற்றி வழியாக வெளியே வந்து, அதன் பிறகுதான் கூரைக்குப் போகும். கூரையிலோ சுவரிலோ உள்ள ஃபேன் அதை அங்கிருந்துதான் இழுக்கிறது. அதாவது அவர் நுரையீரல் வழியாக வடிகட்டிய மிச்சத்தை. மற்றவர்களுக்கு அந்த ஃபேன் உதவும், ஷெட்டில் மூட்டம் தங்காது. ஒட்டுகிறவருக்கு அதனால் பலன் கொஞ்சம்தான். ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் உங்கள் முகம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆகவே செலவில்லாத முதல் வேலை முகத்தைப் புகைத் தூணிலிருந்து நகர்த்துவது. வேலையைத் தரையில் போட்டு உட்கார்ந்து செய்யாமல் மேஜையில் உயர்த்தி வையுங்கள். திருப்பிப் போடக்கூடிய பொருளைத் திருப்பிப் போட்டு, புகை உங்கள் பக்கவாட்டில் எழும்படி நில்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து இடம் மாறுங்கள்.

பெடஸ்டல் ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைக்கலாமா?

கூடாது. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், வியர்வைக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் முதுகில் மோதும் காற்று இரு தோள்களையும் சுற்றி முன்னால் வந்து மார்புக்கு எதிரே சுழல் போடும். அந்தச் சுழல் புகையைப் பிடித்து முகத்துக்கே கொண்டுவரும். ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். இடது தோளிலிருந்து வலது தோளுக்குக் குறுக்கே போகிற மாதிரி. எதிர்த் திசையில் இன்னொரு வெல்டர் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.ஓ.டூ.விலும் ஆர்கானிலும் ஆர்க்கின் மேல் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் காற்றடித்தால் பாதுகாப்பு வாயு கலைந்து வெல்டில் ஓட்டை விழும். அங்கே ஃபேன் வேண்டாம், உறிஞ்சுவதுதான் வழி.

உறிஞ்சும் குழாய் வாங்கினோம், ஒன்றும் இழுக்கவில்லை. ஏன்?

தூரத்தில் வைத்திருப்பீர்கள். ஊதுவது தூரம் போகும், உறிஞ்சுவது போகாது. குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகிவிடும். 8 அங்குலக் குழாயை 8 அங்குலத்துக்குள், ஆர்க்குக்குச் சற்று மேலே பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டே போகும்போது குழாயையும் நகர்த்த வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. மூன்றாவது நாளில் அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதனால் ஒரே இடத்தில் செய்யும் சிறு வேலைக்கு உறிஞ்சும் மேஜையும், சி.ஓ.டூ. வேலைக்கு உறிஞ்சுவாய் சேர்ந்த டார்ச்சும் நல்லது. டார்ச்சோடு சேர்ந்தே போவதால் மறதிக்கு இடமில்லை. கனம் கூடுதல் என்று வெல்டர்கள் முனகுவார்கள், அது நியாயம்தான். கேபிளை மேலிருந்து தொங்கவிட்டுக் கொடுங்கள். உறிஞ்சிய காற்றை வெளியே விடுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் வேண்டாம்.

துகள் இவ்வளவு சிறியதென்றால் மாஸ்க் எப்படிப் பிடிக்கும்?

பலர் நினைப்பதுபோல் மாஸ்க் சல்லடை இல்லை. மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருப்பதால் அது நேராகப் போக முடியாமல் தள்ளாடி, ஏதாவது ஓர் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பெரிய துகள் வளைந்து போக முடியாமல் நேராக வந்து மோதும். பிடிக்கக் கடினமானது இடைப்பட்ட அளவு. என்95 மாஸ்க்குகளைச் சோதிப்பதே சுமார் 75 நானோமீட்டர் உப்புத் துகள்களைக் கொண்டுதான். அதில் 95 சதவீதம் பிடித்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும்.

ஆகவே பிரச்சினை துணியில் இல்லை, ஓரத்தில். மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் இடைவெளி இருந்தால் அந்த வழியாகத் துகள் அப்படியே உள்ளே போகும். கர்ச்சீப், துண்டு, ஈரத்துணி, சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாமே ஓரத்தில் ஒழுகுபவை. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடுவது நன்றாகப் படியும். வாங்கும்போது ஐ.எஸ். 9473 முத்திரையும் எஃப்.எஃப்.பி.2 அல்லது 3 என்ற குறியும் பாருங்கள். தினமும் எஸ்.எஸ். செய்பவருக்கு வட்டத் தட்டு ஃபில்டர் மாட்டும் ரப்பர் அரைமுக மாஸ்க் நல்லது, ஹெல்மெட்டுக்குக் கீழே அடங்கும். பேட்டரியில் காற்று அனுப்பும் ஹெல்மெட் எல்லாவற்றையும்விட வசதி, விலைதான் இடிக்கிறது.

தாடி வைத்திருக்கிறேன்.

இறுக்கமாகப் படியும் எந்த மாஸ்க்கும் தாடிக்கு மேல் வேலை செய்யாது. இரண்டு நாள் தாடியும் அப்படித்தான். காற்று அனுப்பும், தலையை முழுக்க மூடும் ஹெல்மெட் ஒன்றுதான் வழி.

வெளியில்தானே வேலை செய்கிறோம்?

திறந்தவெளி நல்லதுதான், ஆனால் முகம் புகைத் தூணுக்குள் இருந்தால் வெளி என்றாலும் உள்ளேதான். நீண்ட வேலைக்கு மாஸ்க் வேண்டும்.

நேர்மாறான இடம் டேங்க், பெரிய பைப், கப்பலின் அடித்தட்டு. அங்கே துகளைவிட முந்திக்கொண்டு கொல்வது வாயு. ஆர்கானும் கரியமில வாயுவும் காற்றைவிடக் கனம். கீழே தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். வாடை வராது. உள்ளே இறங்குமுன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கருவியால் அளக்க வேண்டும், வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும், காற்றைக் குழாய் வழியே உள்ளே தள்ள வேண்டும். சிலர் 'காத்தோட்டத்துக்கு' ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். அதைப்போல் ஆபத்தானது வேறில்லை. ஆக்சிஜன் கூடிய இடத்தில் ஒரு பொறி போதும், உடுத்திய துணி குப்பென்று எரியும்.

டிகிரீசர் போட்டுத் துடைத்த பாகத்தை ஈரம் காயாமல் ஒட்டாதீர்கள். குளோரின் கலந்த கரைப்பான் ஆவியில் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

ஹெல்பருக்கும் மாஸ்க் கொடுக்க வேண்டுமா?

கண்டிப்பாக. வெல்டர் என்று பெயர் போட்டு வேலை செய்பவர்கள் உலகில் சுமார் 1.1 கோடி, அதற்கு மேல் இன்னும் சுமார் 11 கோடிப் பேர் வேலையிடத்தில் இந்தப் புகைக்கு ஆட்படுகிறார்கள் என்று அந்தப் புற்றுநோய் முகமையே மதிப்பிட்டிருக்கிறது. பைப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஹெல்பருக்கு ஹெல்மெட்டும் இல்லை, மாஸ்க்கும் இல்லை.

சட்டப்படி எவ்வளவு புகை இருக்கலாம்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை வெல்டிங் புகைக்கு, 8 மணி நேரச் சராசரியாக, கனமீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தது. அது எடை வரம்பு. நெதர்லாந்து 2010 முதல் 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. துகள் எண்ணிக்கைக்கு இந்தியாவில் வரம்பு இல்லை. அதனால் ஆர்கான் வேலை நடக்கும் அறை எந்த எடைச் சோதனையிலும் சுலபமாகத் தேறிவிடும்.

அந்தச் சட்டம் மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொழிற்சாலை என்பதற்கான அந்த எண்ணிக்கை இருபது பேர் ஆகிவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் கிரில் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது. திருச்சியில் பெல் ஆலையைச் சுற்றி, துவாக்குடிப் பக்கம் வளர்ந்த துணைத் தொழில்களில் பெரியவற்றை வாங்கும் நிறுவனங்கள் தணிக்கை செய்யும். தெருவோரப் பட்டறைக்கு அதுவும் கிடையாது.

ஆன்லைனில் விற்கும் காற்றுத் தர மீட்டரால் அளக்கலாமா?

ஃபேனை எந்தப் பக்கம் வைத்தால் மூட்டம் குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அல்ட்ராஃபைனை அது காட்டாது. அந்த மீட்டர்கள் ஒளி சிதறுவதை வைத்து எண்ணுகின்றன, சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை அவற்றின் கண்ணில் படாது. நுண்துகளை எண்ணும் கருவி துகளின் மேல் ஆல்கஹால் ஆவியைப் படியவைத்து, பெரிதாக்கி எண்ணும். அது ஆய்வகத்துச் சாமான். சாதாரண நகரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரக் கணக்கில் காட்டும் அக்கருவி, ஆர்க்குக்குப் பக்கத்தில் லட்சத்தையும் தாண்டும். சட்டத்துக்கான எடை அளவு வேண்டுமென்றால் வடிதாள் உள்ள சிறு பெட்டியை ஹெல்மெட்டுக்கு உள்ளே, மூக்குக்குப் பக்கத்தில் பொருத்தி, இடுப்பில் பம்ப் கட்டி ஒரு ஷிஃப்ட் முழுக்க எடுக்க வேண்டும். ஷெட்டின் மூலையில் வைத்து எடுத்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

டாக்டரிடம் போனால் என்ன சொல்ல வேண்டும்?

'வெல்டிங் வேலை, இத்தனை வருடம், எஸ்.எஸ்.ஸா எம்.எஸ்.ஸா' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரும்புத் துகள் படிந்த நுரையீரல் எக்ஸ்ரேயில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். காசநோய் மலிந்த நம் ஊரில் தொழில் தெரியாத டாக்டர் அதை டி.பி. என்று நினைக்க வாய்ப்புண்டு. சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், வெல்டருக்கு டி.பி.யே வராது என்பதில்லை.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை வருடம் ஒருமுறை எடுத்து, தாளைப் பத்திரமாக வையுங்கள். ஒரு தாளைவிட நாலைந்து வருடத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்தான் பயன். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கேயே கேளுங்கள். மாங்கனீசு, குரோமியம் நோய்கள் அதன் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. புதிய சட்டத் தொகுப்பின்படி 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொருமுறை இலவசப் பரிசோதனையும் உண்டு.

இன்னொன்று, நிமோனியா. உலோகப் புகை நுரையீரலில் இருக்கும்போது நிமோனியாக் கிருமி எளிதில் பற்றிக்கொள்ளும். பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள். இங்கும் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கலாமா?

வேண்டாம். பட்டறையிலேயே மாற்றிவிட்டு, தனிப் பையில் கட்டிக் கொண்டுவந்து, தனியாக நனைத்துத் துவையுங்கள். காய்ந்தபடி உதறாதீர்கள். கம்ப்ரஸர் காற்றை உடம்பின்மேல் அடித்துத் தூசி தட்டும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடலாம். படிந்ததையெல்லாம் அது மறுபடியும் மூக்கு மட்டத்துக்குக் கிளப்பிவிடும்.